சிலேட்டா, ஸ்க்ராட்ச்சா, பைத்தானா?

தரம் 4, 5 பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தில் ‘மாறி’ என்றால் என்ன என்று சொல்லப்போனால், முதல் இடறல் கணக்குக் கொப்பியிலிருந்தே வருகிறது. □ + 3 = 8 பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருப்பது ஒரே ஒரு எண்; கண்டுபிடித்தால் கதை முடிந்தது. நிரலில் வரும் மாறியோ ஓட ஓட மாறிக்கொண்டிருக்கும். கணக்கைக் குழப்பாமல் இதை எப்படிப் புகுத்துவது? திருகோணமலையில் ஒரு பின்னேர வகுப்பில் சிலேட், ஸ்க்ராட்ச், பைத்தான் என்ற மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்.

அவற்றுக்கும் முதல் ஒரு தீப்பெட்டி. மேலே ‘மான்’ என்று எழுதி, உள்ளே 5 என்று ஒரு துண்டு வைத்தேன். கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் மான்களின் கணக்கு அது. இன்னும் மூன்று மான் வந்தால் என்ன செய்வது என்றதும், ஒரு சிறுமி 3 என்று எழுதி அதே பெட்டிக்குள் போட்டாள்.

“இப்ப உள்ளுக்க என்ன இருக்கு?”

“ரெண்டு துண்டு இருக்கு, மிஸ்.”

அவளை எப்படிக் குறை சொல்வது? பெட்டி என்றால் எத்தனையும் போடலாம்தானே. அடுத்த நாளே சிலேட்டுக்கு மாறினோம். அதில் 5ஐ அழித்தால்தான் 8 எழுத இடம். செலவு இல்லை, கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. ஆனால் பத்துத் தடவை அழித்து எழுதியதும் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்.

அந்த அலுப்பான வேலையை ஸ்க்ராட்ச் தானே செய்கிறது. கட்டளை எழுதிய கட்டைகளைத் திரையில் பொருத்தி நிரல் செய்யும் மென்பொருள் அது. 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. வெளியிட்டது, இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறொன்று: மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் கட்டையில் சமக்குறியே கிடையாது. ‘இதை இவ்வளவாக வை’ என்று ஒரு கட்டை, ‘இதை இவ்வளவால் மாற்று’ என்று இன்னொன்று. ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்கும் இடத்தில்தான் சமக்குறி வரும். கணக்குக் கொப்பியிலும் அதற்கு அதுதானே பொருள்! என்ன, பாதி வகுப்பு ஸ்க்ராட்ச் திரையில் நிற்கும் பூனைக்கு நிறம் மாற்றுவதிலேயே போய்விடும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் நிரல் மொழி பைத்தான். 1991இல் வந்த அதில், x என்ற மாறியோடு ஒன்றைக் கூட்ட x = x + 1 என்று எழுத வேண்டும். “ரெண்டு பக்கமும் சமனில்லையே, மிஸ்” என்றான் ஒருவன். கணக்குப்படி அவன் சொன்னது சரி. ஏற்கெனவே 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் 12 எழுதும் பிள்ளைகள் நிறைய; சமக்குறியை ‘விடை இங்கே’ என்று படிக்கும் பழக்கம் அப்படி. அதற்கு மேல் இதையும் ஏற்றுவானேன்? பைத்தான் 3இல் மாறிக்கு ‘மான்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், உண்மைதான். ஆனாலும் மற்றக் கட்டளைகளெல்லாம் ஆங்கிலம், தட்டச்சு வேறு. தரம் 8 என்றால் நானே பைத்தானைத்தான் எடுப்பேன்.

சின்னவர்களுக்கு இரண்டு நாள் சிலேட், அப்புறம் ஸ்க்ராட்ச். அடுத்ததாகக் கன்னியா வெந்நீரூற்றுக்கு வெப்பமானியோடு போகிறோம். கிணறு ஏழு, ‘சூடு’ என்ற மாறி ஒன்று. கிணற்றுக்குக் கிணறு எண் மாறும். ஆகக் கூடின சூடு எது என்று கேட்கப்போகிறேன். அதை வைத்திருக்க இன்னொரு சிலேட் வேண்டும் என்று யார் முதலில் கேட்கிறார்கள், பார்ப்போம்.