மணல் பில்டரா, காட்ரிட்ஜா? மலைச்சரிவில் நீச்சல் தடாகம் வைத்திருப்பவர்களுக்கு

தடாகம் கட்டி முடிக்கும் வரை யாரும் பில்டரைப் பற்றிக் கேட்பதில்லை. டைல்ஸ் என்ன நிறம், லைட் எங்கே, படி எந்தப் பக்கம் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள், கடைசியில் கையில் மிஞ்சிய காசுக்கு எது கிடைக்கிறதோ அந்த பில்டரை மாட்டிவிடுவார்கள். அப்புறம் முதல் மழைக்குத் தண்ணீர் கலங்கியதும் எனக்கு போன் வரும். பதினொரு வருடமாக இதுதான் என் வேலை. இப்போது மூன்று விதமும் என் கையில் இருக்கின்றன: எல்லப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் மணல் பில்டர், கண்டியில் ஒரு வீட்டில் மடிப்பு மடிப்பான துணி உருளையால் வடிகட்டுகிற காட்ரிட்ஜ், டிக்கோயாவில் ஒரு பழைய துரை பங்களாவில் டிஇ என்று சொல்கிற வெள்ளைத் தூள் பில்டர். மூன்றையும் மாறி மாறிக் கழுவிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முதலில் மைக்ரோன் கணக்குத்தான் காட்டுவார்கள், ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணல் பில்டர் 20 முதல் 40 மைக்ரோன் வரையிலான துகளைப் பிடிக்கும், காட்ரிட்ஜ் 10 முதல் 20, டிஇ 3 முதல் 5. கேட்டதும் டிஇ தான் ராஜா என்று தோன்றும். ஆனால் நம்ம மலையில் மழைக்குத் தண்ணீரைக் கலக்குவது செம்மண்ணில் இருக்கிற களி. களித்துகள் 2 மைக்ரோனுக்கும் கீழே. அதாவது எந்த பில்டரை வாங்கினாலும் அந்தக் கலங்கலைத் தனியாக அதனால் பிடிக்க முடியாது. அதனால் மைக்ரோனை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பில்டரைக் கழுவின அழுக்குத் தண்ணீர் எங்கே போகப் போகிறது?

எல்ல விடுதியின் தண்ணீர், மலையில் ஓடி வருகிற தண்ணீரைப் பிடித்துக் கொண்டு வருகிற பீலியில் இருந்து வருகிறது. நல்ல வெயில் காலத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒக்டோபர் பிறந்து மழை பிடித்ததும் மேலே இருக்கிற தேயிலை மலையின் மண்ணெல்லாம் அதோடு சேர்ந்து வரும். அந்த மாதிரி இடத்துக்கு மணல் பில்டரைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். காரணம் மணல் இல்லை, அதன் தலையில் இருக்கிற ஆறு நிலை வால்வு. களிக்கு ஒரே வைத்தியம் படிகாரம். படிகாரம் போட்டால் கண்ணுக்குத் தெரியாத துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு பஞ்சாகி அடியில் இறங்கும். ராத்திரி போட்டு, பம்பை நிறுத்தி, விடிந்ததும் அடியில் படிந்ததைக் கலக்காமல் மெதுவாக வெக்கியூம் பண்ணி, வால்வை வேஸ்ட் நிலையில் வைத்து, பில்டருக்குள் விடாமல் நேரே வெளியே தள்ள வேண்டும். சாதாரணமாக வருகிற காட்ரிட்ஜ் பில்டரில் இந்த வேஸ்ட் வழியே கிடையாது. தனியாக வால்வு வைத்துப் பைப் போட்டால்தான் உண்டு. அது இல்லாமல் படிகாரம் போட்டால் அந்தப் பஞ்சு மடிப்புகளுக்குள் போய்ச் சேறாக அப்பிக்கொள்ளும், ஒரு காட்ரிட்ஜை ஒரே நாளில் குப்பையாக்க அது போதும்.

படிகாரம் பற்றி இன்னொன்று. மலையில் ஓடி வருகிற தண்ணீர் மென்மையானது, காரத்தன்மை குறைவு. படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும். முதல் நாளே அப்பச்சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றி வைக்காவிட்டால் பிஎச் தடாலென்று விழும், படிகாரமும் ஒழுங்காக வேலை செய்யாது. பிஎச் 7.2 க்கும் 7.6 க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யாரையும் தண்ணீரில் இறங்க விட வேண்டும். பீலித் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் தடாகமே பிளேன்டீ நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம், இரும்பு துருவாக மாறுகிறது, அவ்வளவுதான். துரு வடிகட்டுகிற வரைக்கும் பம்ப் நிற்காமல் ஓடட்டும்.

மணல் பில்டரின் பராமரிப்பு கஷ்டமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். புதிதாகக் கழுவிய பில்டரில் அழுத்தம் காட்டுகிற கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று மார்க்கரால் தாங்கியிலேயே எழுதி வையுங்கள். அதில் இருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவி அழுக்கை வெளியே தள்ளுவது. பம்பை நிறுத்தாமல் வால்வுக் கைப்பிடியைத் திருப்பவே கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் கிழியும், அப்புறம் எந்த நிலையில் வைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் வேஸ்ட் பைப்பால் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்தி அரை நிமிடம் ரின்ஸ், அப்புறம் பழையபடி பில்டர் நிலை. கேஜ் ஏறாமல் சும்மா சும்மா கழுவாதீர்கள், லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் புது மணலை விட நன்றாக வடிகட்டும். மணலை ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

மாற்றும்போது ஆற்று மணல் போடாதீர்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் இடத்தில் மேசன் பாஸ் ஒருவர் கட்டடத்துக்கு வந்த ஆற்று மணலைச் சலித்துப் போட்டுவிட்டார், நானும் சரி என்று நின்றேன். பம்பைப் போட்ட அன்றே தடாகம் முழுக்க மினுமினுவென்று மைக்காத் தூள். 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர் வரை ஒரே அளவாக இருக்கிற சிலிக்கா மணல்தான் வேண்டும், 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள தாங்கிக்குச் சுமார் 150 கிலோ பிடிக்கும். கொட்டுவதற்கு முன்னால் தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்புங்கள், நடுக்குழாயின் வாயைப் பொலித்தீனால் கட்டுங்கள். இல்லாவிட்டால் மேலேயிருந்து விழுகிற மணல் அடியில் இருக்கிற சீப்புக் குழாய்களை உடைத்துவிடும். தடாகத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் வாயின் கீழே மணல் குவிந்திருந்தால், உடைந்தது அந்தக் குழாய்தான்.

சரி, இனி மணல் பில்டரின் பெரிய குறை. கழுவுகிற தண்ணீர். நிமிடத்துக்கு 200 லீற்றர் கணக்கில் மூன்று நிமிடம் பேக்வாஷ் பண்ணினால் 600 லீற்றர். சமதரையில் அது ஒரு விஷயமே இல்லை. சரிவில் அது விஷயம். ஒரு மழைக் காலையில் நான் பேக்வாஷ் முடித்துவிட்டு நிற்கிறேன், கீழே தோட்டம் வைத்திருக்கிற அக்கா ஒருவர் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி வந்தார். “தம்பி, நீங்க மேல தொறந்து விடுற நேரமெல்லாம் எங்க போஞ்சிப் பாத்தி கரைஞ்சு போகுது. மருந்துத் தண்ணி வேற.” இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேலி ஓரத்தில் இருந்து அவருடைய பாத்தி வரை ஒரு கை அகலத்துக்குச் செம்மண் அறுத்துக்கொண்டு போயிருந்தது, போஞ்சிக் கொடியின் வேர் வெளியே தொங்கியது. அந்தப் பைப்பை அங்கே வைத்தது நான் இல்லை, ஆனால் வாரா வாரம் திறந்தது நான். “மன்னிச்சுக்கங்க அக்கா, இனி இந்தப் பக்கம் விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்து, முதலாளியோடு பேசி, வாய் திறந்த 1,000 லீற்றர் தாங்கி ஒன்று வைத்தோம். இப்போது கழுவின தண்ணீர் அதில் இரண்டு நாள் வெயிலில் நிற்கும், குளோரின் போகும், சேறு அடியில் தங்கும், பிறகு சீமெந்துக் கான் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உறிஞ்சுகுழி வெட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். சரிவில் வெட்டாதீர்கள். மழையில் ஊறிய மண்ணுக்குள் நாமும் தண்ணீரைச் செலுத்துவது பெரிய ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், மழை நாளில் சரிவுக்கு ஒரு வாளி கூடுதலாக ஊற்றவும் எனக்கு மனம் வராது.

இங்கேதான் காட்ரிட்ஜ் ஜெயிக்கிறது. கண்டி வீடு செங்குத்தான இடம், தண்ணீர் விட இடமே இல்லை, வருவதோ குழாய்த் தண்ணீர், களி கிடையாது. அந்த வீட்டுக்கு காட்ரிட்ஜ் தான் பொருத்தம், மணல் வைத்திருந்தால் தவறு. பேக்வாஷ் இல்லை, கேஜ் ஏறினால் கழற்றி ஹோஸால் கழுவ வேண்டியதுதான், ஏறக்குறைய 150 லீற்றரில் வேலை முடியும். மடிப்பு மடிப்பாக இருப்பதால் சின்ன உருளைக்குள்ளேயே 9 சதுர மீற்றர் துணி இருக்கும், மணல் தாங்கியின் பரப்பு கால் சதுர மீற்றர் சொச்சம்தான். அதனால் அழுத்தம் குறைவு, பம்புக்கும் சுகம்.

கழுவுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். பிரஷர் வாஷரால் அடித்தால் துணியின் நார் பிரியும். ஹோஸை 45 பாகை சாய்த்து மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துக் கழுவ வேண்டும், அரை மணி நேரம் உட்கார்ந்து செய்கிற வேலை. தலைக்கு வைக்கிற எண்ணெய், சன்கிரீம் எல்லாம் துணியில் பிடித்திருக்கும், அதை எண்ணெய் நீக்கும் கரைசலில் ராத்திரி முழுக்க ஊற வைத்துப் போக்கிய பிறகுதான் அசிட் பக்கம் போக வேண்டும். முதலில் அசிட் போட்டால் எண்ணெய் அப்படியே இறுகிப் போகும், அந்த காட்ரிட்ஜ் அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்தில் எப்படியும் மாற்ற வேண்டும். வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்குங்கள். 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது காட்ரிட்ஜ் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும், அந்த நாட்களிலும் மணல் பில்டர் வைத்திருந்தவர்கள் பழைய மணலைக் கழுவிக் கழுவி ஓட்டினார்கள்.

டிஇ பற்றி நீட்ட மாட்டேன். தண்ணீர் வைரம் மாதிரி இருக்கும், உண்மை. ஆனால் ஒவ்வொரு பேக்வாஷுக்குப் பிறகும் புதுத் தூள் போட வேண்டும், அந்தத் தூளில் நுரையீரலுக்குக் கெடுதல் செய்கிற படிகச் சிலிக்கா இருப்பதால் மாஸ்க் இல்லாமல் பையைத் திறக்கக் கூடாது, கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற துணித் தட்டில் ஒட்டிய தூள் உதிரும். தோட்டங்களில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். டிக்கோயா பங்களாவில் அடுத்த தடவை தட்டு கிழிந்தால் மணலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அளவு பார்ப்பது சுலபம். தடாகம் 8 க்கு 4 மீற்றர், சராசரி ஆழம் 1.4 மீற்றர் என்றால் சுமார் 45,000 லீற்றர். ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று வர மணிக்கு 7,500 லீற்றர். 500 மில்லிமீற்றர் தாங்கி அதற்குப் போதும், நான் 600 தான் வாங்கச் சொல்வேன், தண்ணீர் மணலில் மெதுவாக இறங்கினால்தான் நன்றாக வடிகிறது. ஆனால் பெரிய தாங்கிக்குப் பேக்வாஷில் மணலை எழுப்ப மணிக்கு 12,000 லீற்றராவது தள்ளுகிற பம்ப் வேண்டும். வேகம் மாற்றக்கூடிய பம்ப் இதற்குத்தான் உதவும்: வடிகட்ட மெதுவாக, கழுவ வேகமாக. முக்கால் கிலோவாட் சாதாரண பம்பைத் தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 180 யூனிட், வீட்டுப் பாவனையையும் சேர்த்தால் கட்டணத்தின் கடைசிப் படிக்கே போய்விடும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் இழுக்கிற மின்சாரம் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறையும். விலை கூடத்தான், கரண்ட் பில்லில் திரும்ப வரும்.

மலையில் பம்ப் அறை தடாகத்துக்குக் கீழே இருப்பதுதான் வழக்கம். நல்லதுதான், பம்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும். ஆனால் வால்வுகளை மூடாமல் இலைக்கூடையின் மூடியைத் திறந்தால் தடாகம் முழுவதும் உங்கள் மேல் இறங்கும், தேயிலைக்கு நிழலுக்கு நட்ட சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தின் இலை கூடையை வாரத்துக்கு இரண்டு தடவை அடைக்கும் இடங்களில் அவசரத்தில் இது நடக்கும். மூடியின் ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் பூசுங்கள், வாஸ்லின் பூசினால் ரப்பர் ஊதிப்போகும்.

இன்னும் பைப் புதைக்கவில்லை என்றால் இன்றைக்கே பிளானை எடுத்து பேக்வாஷ் பைப்பின் நுனி எங்கே முடிகிறது என்று பாருங்கள். நான் பார்த்த பிளான்களில் பாதிக்கு மேல் அந்தக் கோடு வேலியோடு நின்றுவிடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய் அங்கே பாத்தி இருக்கிறதா, லயம் இருக்கிறதா, யாருடைய குசினிச் சுவர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து பில்டருக்கு ஓடர் கொடுங்கள்.