பிஎச்பி எரரை மறைக்கிற வழிகளில் எது தேறும்?

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி ஒருவருடைய தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, சீப்புச் சீடை விலைக்கு மேல இங்கிலீசுல என்னமோ ஓடுதுப்பா, ஆர்டர் போடப் பயப்படுறாக" என்று போன். திறந்தால் ‘வார்னிங்: அன்டிஃபைன்டு அரே கீ’ (கேட்ட பெயரில், அதாவது கீயில், மதிப்பு எதுவும் இல்லை என்ற எச்சரிக்கை), அதன் வாலில் ஃபைலின் முழுப் பாதை, சர்வர் கணக்கின் பெயரோடு, 42-ஆம் வரி என்பது வரைக்கும். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில், அதை ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியை 7.4-லிருந்து 8-க்கு மாற்றியிருந்தார்கள். முன்பு வெறும் நோட்டீஸாக, லேசான குறிப்பாக இருந்தது 8.0 முதல் வார்னிங்.

மறைக்க முதலில் கைக்கு வருவது, கோடில் எரர் தரும் இடத்துக்கு முன்னால் போடும் @ குறி. போட்டால் சத்தம் நிற்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும், அதுவும் 8-லிருந்து, ஓட்டத்தையே நிறுத்தும் ஃபேட்டல் எரரை அது அடக்காது. எந்த எரரையும் சொல்லாதே என்கிற எரர்_ரிப்போர்ட்டிங்(0) இன்னும் மோசம்: திரையில் மட்டுமல்ல, எரர்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலிலும் எழுதாது, பக்கம் வெள்ளையாக நிற்கும், நீங்களும் கூடவே முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவை ரெண்டையும் நான் ஆட்டத்திலேயே சேர்ப்பதில்லை.

மிச்சப் போட்டி, எரரைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே_எரர்ஸ் என்ற அமைப்பை எங்கிருந்து அணைப்பது என்பதில்தான். கோடுக்குள்ளேயே, அமைப்பை மாற்றும் ஐஎன்ஐ_செட் வரி போடலாம், ஆனால் அதே ஃபைலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் பார்ஸ் எரர் (எழுத்து முறைப் பிழை), ஃபைல் ஓடவே ஆரம்பிக்காது, நீங்கள் எழுதிய அந்த வரியும்தான். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பு ஃபைலான எச்டிஅக்சஸில் பிஎச்பி_ஃபிளாக் வரி எழுதுவது, பிஎச்பி அந்த அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடும் இடத்தில் அருமை. பிஎச்பி தனியாக ஓடும் எஃப்பிஎம் சர்வரில் அதையே எழுதி, தளம் மொத்தமும் 500 என்ற சர்வர் பிழை காட்டி, தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எஃப்பிஎம், அதேபோல் தனியாக ஓடும் சிஜிஐ என்றால் என் ஓட்டு, தளத்தின் ஃபோல்டரில் வைக்கும் டாட் யூசர் டாட் ஐஎன்ஐ (.user.ini) அமைப்பு ஃபைலுக்கு. டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃப், லாக்_எரர்ஸ் ஆன், எரர்_லாக்குக்கு ஒரு பாதை, மூன்றே வரி. எழுதியதும் பலன் தெரியாது, வழக்கமாக 300 விநாடி கேஷ் உண்டு, அதுவரை பழையதையே நினைவில் வைத்திருக்கும். இது தெரியாமல் நாலு முறை எழுதி அழித்தேன். லாக் ஃபைல், பிரவுசரில் எட்டக்கூடிய பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும், முகப்பில் வந்து உட்காருகிறவர் கண்ணில் படாமல் வீட்டின் ரெண்டாம் கட்டில் இருப்பதுபோல. வேர்ட்பிரஸ்காரர்கள் கவனம்: டிபக் லாக்கை ஆன் செய்தால் அது டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் போய் விழும், பல சர்வர்களில் முகவரி தெரிந்தவர் பிரவுசரிலேயே படித்துவிடலாம்.

சரி, லாக்கில் என்ன இருந்தது? எடையைத் தேர்ந்தெடுக்காமல் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கீயே வருவதில்லை. ?? போட்டு, எதுவும் வராவிட்டால் கால் கிலோ என்று வைத்தேன், 42-ஆம் வரி அடங்கியது. வேறு ரெண்டு வார்னிங் இப்போது எட்டிப் பார்க்கின்றன, தீபாவளி முடியாமல் அவற்றைத் தொடுவதாக இல்லை.