மீன்கொத்தியின் முகம்: கேன்வாஸா, எம்.டி.எஃப். பலகையா?

வெண்மார்பு மீன்கொத்தியின் தலையும் மார்பும் மட்டும், ஏ4 அளவில், அக்ரிலிக்கில் வரைவது என்றால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையே மேல். காரணம் கண். கரிய விழியின் ஒளிப்புள்ளியும் சிவப்பு அலகின் மெல்லிய விளிம்பும் 0 நம்பர் தூரிகையின் நுனியால் வருபவை. கேன்வாஸ் நெசவில் அந்த நுனி தடுக்கி, கோடு புள்ளிபுள்ளியாக உடையும். ஜெஸ்ஸோவை (பெயிண்ட் பிடிக்கப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) இன்னும் இரண்டு மூன்று பூச்சு கூட்டித் தேய்த்தால் நெசவு அடங்கும்தான். அவ்வளவு பாடுபடுவதற்குப் பலகையே வாங்கிவிடலாம்.

பலகைக்கும் தயாரிப்பு வேலை உண்டு. 6 மி.மீ. தடிமன் போதும். விளிம்புகள் உட்பட இரு பக்கமும் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் கலவை) பூசி அடைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். பிறகு ஜெஸ்ஸோ மூன்று பூச்சு, ஒன்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

கேன்வாஸ் ஜெயிக்கும் இடம் வெள்ளைத் தொண்டை. தூரிகையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் இழுத்தால், நெசவின் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டி இறகின் மென்மை தானாக வரும். பலகையில் அதற்குச் சாம்பல்நீல அடிப்பூச்சின்மேல் இழை இழையாக வெள்ளை ஏற்ற வேண்டும்.

மார்பை ஒட்டித் தெரியும் முதுகின் நீலத்துக்குத் தாலோ நீலம், துளி தாலோ பச்சை, வெள்ளை. இதை மெல்லிய படலமாக ஏற்றும்போது எந்தப் பரப்பிலும் தண்ணீரைக் கொட்டாதீர்கள், கிளேசிங் மீடியத்தில் (பெயிண்டை ஒளிபுகும் மெல்லிய படலமாக்கும் திரவம்) கரையுங்கள். தண்ணீர் மிகுந்தால் பிணைப்பு தளர்ந்து, அடுத்த பூச்சில் கீழ்நிறம் கிளம்பி வரும்.

இரண்டடிக்கு மேல் போனால் கேன்வாஸ்தான். அந்த அளவில் பலகையின் கனம் சுவரில் மாட்டும்போது தெரியும்.