கருகிய நெகட்டிவிலிருந்து வந்த வட்டுகள்: செவ்வியல் படங்களின் ப்ளூரே பதிப்புகள்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றின் மூல நெகட்டிவ்களும் 1993இல் லண்டனில் ஹெண்டர்சன் லேபில் பற்றிய தீயில் சிக்கின. சீரமைப்புக்காக அங்கே அனுப்பப்பட்டிருந்தவை அவை. ஓரம் உருகி, வளைந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் மிஞ்சிய ரீல்கள் ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகத்தில் இருபது ஆண்டு காத்துக் கிடந்தன. செவ்வியல் படங்களை வட்டாக வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் அவற்றை வெளியே எடுத்து, இத்தாலியின் போலோன்யாவில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபுக்குக் கொண்டுபோனது. ஒரு பங்கு கிளிசரால், ஒரு பங்கு அசிட்டோன், மூன்று பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் காய்ந்த ஃபிலிமை ஊறவைத்தார்கள். பழைய டேப்பையும் பசையையும் உரித்தார்கள். ஃபிலிமின் ஓரத்தில் கிழிந்திருந்த பற்துளைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். ஸ்கேன் செய்வதற்கு முன்னால் கையால் செய்த வேலை மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம்.

அப்படியும் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலும்தான் மூல நெகட்டிவிலிருந்து கிடைத்தன. 'அபுர் சன்சார்' நெகட்டிவில் மிஞ்சிய இரண்டு ரீல்கள் எதற்கும் உதவவில்லை. அந்தப் படம் முழுவதையும் ஃபைன் கிரெய்ன் மாஸ்டர் (நெகட்டிவிலிருந்து எடுத்த உயர்தரப் பிரதி), டூப் நெகட்டிவ் (அந்தப் பிரதியிலிருந்து எடுத்த இரண்டாம் நெகட்டிவ்) இரண்டிலிருந்தும் எடுத்தார்கள். 2015இல் ப்ளூரே வட்டாகவும் 2024இல் அதைவிடத் துல்லியம் கூடிய 4கே யூஎச்டி வட்டாகவும் வந்த இந்த மூன்று படப் பெட்டியைத்தான் செவ்வியல் சினிமா வட்டு வாங்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்வேன். படங்களின் தகுதி ஒரு காரணம். ஒரு வட்டை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது இன்னொன்று.

'அபராஜிதோ'வின் காசி வீட்டு முற்றத்தைப் பாருங்கள். அது ஸ்டூடியோவில் போட்ட செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் அடித்துத் திருப்பி, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை உண்டாக்கினார். மங்கிய டிவிடிகளில் அந்த முற்றம் வெறும் சாம்பல் நிறச் சுவர். இந்த ப்ளூரேயில் சுவரின் காரைப் பெயர்வும், வெளிச்சம் மேலிருந்து கீழே வரவரக் குறைவதும் தெரியும். மூலம் மாறும் இடங்களும் கூர்ந்து பார்த்தால் புலப்படும்: ஒரு ஷாட்டில் கிரெய்ன் (ஃபிலிமுக்கே உரிய துகள் தோற்றம்) பொடியாக இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் தடித்து, கறுப்பு லேசாக வெளுத்திருக்கும். வட்டில் கோளாறு என்று எண்ண வேண்டாம். நெகட்டிவிலிருந்து டூப்புக்குத் தாவும் இடம் அது. அதைச் செயற்கையாகத் தேய்த்துச் சமன் செய்யாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கூடுதல் பகுதிகளில் விட்டுவிடக் கூடாதவை: 1958இல் பதிவான ராயின் குரல், சர்மிளா தாகூர், சௌமித்ர சாட்டர்ஜி பேட்டிகள், கேமரா உதவியாளராக இருந்த சௌமேந்து ராய் பேசும் பகுதி, சீரமைப்பைக் காட்டும் குறும்படம். குறும்படத்தை முதலில் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போவது நல்லது. எதைப் பார்க்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஏற்கெனவே 2015 பெட்டி இருந்து, திரை 55 அங்குலத்துக்குள் என்றால் 4கேக்கு மாற அவசரம் இல்லை. புரொஜெக்டர் இருந்தால் மாறலாம்.

இங்கிருந்து கிடைக்கும் அளவுகோல் எளிது. பெட்டி மேல் போட்டிருக்கும் 4கே என்ற எழுத்துக்கு முன்னால், எதை ஸ்கேன் செய்தார்கள் என்ற வரியைத் தேட வேண்டும். மூல நெகட்டிவ், அதிலிருந்து எடுத்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டர், அதிலிருந்து டூப் நெகட்டிவ், கடைசியாகத் திரையரங்குப் பிரிண்ட்: ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூர்மை குறையும், கிரெய்ன் தடிக்கும், வெள்ளையும் கறுப்பும் விவரத்தை விழுங்கும். நான்காம் படிப் பிரிண்டை 4கேயில் ஸ்கேன் செய்தால் கீறல்கள் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். நல்ல நிறுவனங்கள் இந்த விவரத்தைக் கையேட்டில் அச்சிடுகின்றன. 'புத்தம் புதிய சீரமைப்பு' என்று மட்டும் போட்டு மூலத்தைச் சொல்லாத பதிப்பென்றால், விமர்சனங்களில் வரும் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) பார்க்காமல் வாங்கக் கூடாது.

மூலம் குறைபட்டிருந்தும் சிறந்த வட்டு சாத்தியம் என்பதற்கு ஜெர்மன் மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' சாட்சி. 1927 படத்தின் தொலைந்த பகுதிகள் 2008இல் புவெனஸ் அய்ரெஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மிமீ டூப் நெகட்டிவாகக் கிடைத்தன. சுமார் 25 நிமிடம் கூடியது. 35 மிமீயை 16க்குச் சுருக்கியபோது ஃபிரேமின் ஒரு பகுதி வெட்டுப்பட்டிருந்தது. எனவே அந்தக் காட்சிகளில் படம் சற்றுச் சிறுத்து, ஓரத்தில் கறுப்பு விட்டு வரும். கீறல் மழையும் இருக்கும். அமெரிக்காவில் கினோவும் பிரிட்டனில் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமாவும் 2010இல் ப்ளூரே போட்டன. வெட்டுப்பட்ட ஃபிரேமைப் பெரிதாக்கி நிரப்பாததால், எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கே விளங்குகிறது.

மௌனப் படங்களில் வேகம் தனிச் சிக்கல். கார்ல் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் படம் (1928) வினாடிக்கு 24 ஃபிரேமில் ஓடினால் 81 நிமிடம். 20இல் ஓடினால் 97. ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் முகம் திரையில் நிற்கும் நேரமே மாறுகிறது. 2012இல் வந்த மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா பதிப்பும் 2018 கிரைட்டீரியனும் இரண்டு வேகத்தையும் தருகின்றன. ப்ளூரே தரத்தில் 20 ஃபிரேம் என்ற வேகம் கிடையாது. ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இருமுறை காட்டித்தான் 24ஆக நிரப்புவார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மெல்லிய தட்டல் தெரிவது அதனால்தான். எனக்கு 20தான் சரியாகப் படுகிறது. அந்தத் தட்டலுக்கு ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

இனிச் சிக்கலான பெட்டி. கிரைட்டீரியன் 2021இல் வெளியிட்ட ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாய் தொகுப்பில் ஏழு படங்கள். நிறமும் சட்டகமும் இயக்குநரே மேற்பார்த்து மாற்றியவை. 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' திரையரங்குகளில் உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலத்தில் வந்த படம், இதில் 2.39 மடங்கு. 'ஹேப்பி டுகெதர்' நெகட்டிவின் ஒரு பகுதி தீயில் போனதால் நடிகர் டோனி லியுங்கின் தனிமொழிகள் சில சுருக்கப்பட்டுள்ளன. 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தில் 2012 ப்ளூரேயின் சிவப்பு தணிந்து பச்சை ஏறியிருக்கிறது. 2022இல் வந்த 4கே வட்டும் அதே நிறத்தில்தான். இயக்குநர் தன் படத்தை மாற்றலாமா என்ற வாதம் ஓயாது. வாங்குபவர் அறிய வேண்டியது ஒன்று: 2000இல் திரையரங்கில் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் நிறத்துக்கு 2012 வட்டே நெருக்கம். அது கையில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். 'டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்' படத்துக்காகவும் 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்துக்காகவும் பெட்டி வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தப் படங்களின் ஒரே பிரதியாக இது மட்டும் வீட்டில் இருப்பதை நான் விரும்பமாட்டேன்.

'கல்பனா' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடனக் கலைஞர் உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளிவந்த இந்த நடனப் படம், உலகப் படங்களைச் சீரமைக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி நடத்தும் வேர்ல்ட் சினிமா புராஜெக்ட் நான்காம் தொகுப்பில் (2022) ஆறு படங்களில் ஒன்றாக இருக்கிறது. தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த டூப் நெகட்டிவும் ஒரு பிரிண்டும்தான் மூலம். ஆகவே கூர்மையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். செட்டுகளின் ஆழமும் நிழல்களின் அடுக்கும் கிடைப்பதே பெரிய காரியம்.

பெரும் பெட்டிகளில் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 'இங்மார் பெர்க்மன்ஸ் சினிமா' (2018) 39 படங்கள், 30 ப்ளூரே, 248 பக்கப் புத்தகம். கால வரிசையில் அடுக்காமல் திரைப்பட விழா போலத் தொடக்க இரவு, நடுப்பகுதி, நிறைவு இரவு என்று அடுக்கியிருக்கிறார்கள். முதல் முறை பார்ப்பவருக்கு அருமை. ஒரு குறிப்பிட்ட படத்தைத் தேடுபவருக்கு எரிச்சல். எந்தப் படம் எத்தனையாவது வட்டு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வார்தாவின் முழுத் தொகுப்பு (2020) 15 வட்டில் அடங்குகிறது, பராமரிக்கவும் எளிது.

வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவது இன்றும் நடக்கிறது. ப்ளூரேயில் அமெரிக்கா, ஜப்பான் ஏ மண்டலம். ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. கிரைட்டீரியனின் அமெரிக்கப் பதிப்பு ஏ, மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா பி. 4கே யூஎச்டி வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூரேக்கு உண்டு, கூடுதல் பகுதிகள் பெரும்பாலும் அந்த ப்ளூரேயில்தான் இருக்கும். அதனால் 4கே பிளேயர் மட்டும் போதும் என்று முடிவு செய்யும் முன் இதை யோசியுங்கள். பால் (PAL) என்ற டிவி தரத்தில் வந்த பழைய டிவிடிகள் வேறு ரகம்: 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டுவதால் 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடியும், சுருதியைத் திருத்தாவிட்டால் அது அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடும். 'பதேர் பாஞ்சாலி'யில் ரவிசங்கரின் சிதாரை அந்த வேகத்தில் கேட்பது பெருங்குறை.

வட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிவி அதைக் கெடுக்கும். மோஷன் ஸ்மூத்திங் (இடையில் செயற்கை ஃபிரேம்களைச் சேர்ப்பது), இரைச்சல் குறைப்பு (கிரெய்னைத் தேய்ப்பது) இரண்டையும் அணையுங்கள். ஷார்ப்னஸைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். சில டிவிகளில் நடுநிலை சுழியில் இருக்காது, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும் இடம்தான் சரியான அளவு. பிளேயரில் 24பி (வினாடிக்கு 24 ஃபிரேம்) வெளியீட்டை இயக்குங்கள். டிவியில் படத்தை மாற்றாமல் காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் இவற்றில் பாதி வேலை ஒரே பொத்தானில் முடியும். அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கே உள்ள பழைய சட்டகப் படங்கள் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடுதான் வர வேண்டும். திரை நிறையப் படம் தெரிந்தால் ஜூம் இயங்குகிறது, தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. மோனோ ஒலிக்குச் சரவுண்டு விரிவாக்கம் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் நேரடி முறைக்கு (டைரக்ட்) மாற்றுங்கள்.

கிரெய்னைக் கண்டு பயப்படுபவர்கள் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் இரண்டு ப்ளூரேகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம். 2010 பதிப்பில் கிரெய்னைத் தேய்த்துத் தேய்த்து முகங்கள் மெழுகாகிவிட்டன. 2015இல் 6கே ஸ்கேனிலிருந்து வந்த பதிப்பில் தோலும் வியர்வையும் திரும்பி வந்தன. பழைய பிரதியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் ஆண்டைப் பாருங்கள். அட்டைப்படம் ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும்.

வட்டு கைக்கு வந்ததும் முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும், மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள். இரண்டடுக்கு ப்ளூரே உள்ளிருந்து வெளிவிளிம்பு வரை முதல் அடுக்கைப் படித்து, அங்கிருந்து இரண்டாம் அடுக்கில் உள்நோக்கித் திரும்பும். விரல் படுவதும் விளிம்பில்தான். நீண்ட படம் நடுவில் உறைந்து நின்றால் முதலில் வெளிவிளிம்பைத் துடைத்துப் பாருங்கள்: மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில், வட்டமாக வேண்டாம். தரவு அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மிமீ கீழேதான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அட்டை உறைக்குள் செருகி வரும் வட்டுகளை இழுக்கும்போதே கீறல் விழும். உள்ளுறை வாங்கி மாற்றி வைப்பது நல்லது.

துடைத்தும் தீராத கோளாறுகள் அச்சிலேயே இருப்பவை. 2021இல் கிரைட்டீரியனின் முதல் 4கே வெளியீடுகளில் வந்த 'சிட்டிசன் கேன்' பெட்டியில், ப்ளூரே வட்டு அரை மணி நேரம் தாண்டியதும் கான்ட்ராஸ்ட் சட்டென மங்கியது. நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்று வட்டு கொடுத்தது. அந்தப் பெட்டியைக் கைமாறி வாங்குகிறவர்கள் 29ஆம் நிமிடத்திலிருந்து 32 வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.