மூன்றாம் வகுப்புக்கு எந்தக் கதைப் புத்தகம்?

திருப்பூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வாசிப்பு நேரத்துக்குப் புத்தகம் எடுக்க உட்கார்ந்தால் மேசையில் இரண்டு கட்டு இருக்கும். ஒன்று, பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள். இன்னொன்று, பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்திலிருந்து அச்செடுத்து வைத்திருக்கும் கதைகள். இரண்டிலும் எளிதிலிருந்து கடினம் வரை நிலை பிரித்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளை தானாக வாசிக்க எடுக்கும்போது நான் முதலில் நீட்டுவது வாசிப்பு இயக்கப் புத்தகத்தைத்தான்.

அதில் நிலைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர். பிள்ளைகளுக்கே அது பிடித்துப்போகிறது. "டீச்சர், நான் 'நட'வுக்கு வந்துட்டேன்" என்று ஓடிவந்து சொல்வார்கள். மெல்லிய புத்தகம், ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். ஒரு புத்தகத்தை முழுசாக முடித்த பிள்ளை அடுத்ததைத் தானே கேட்கும்.

ஸ்டோரிவீவரில் சொற்களின் எண்ணிக்கை ஓர் அளவுகோல். முதல் நிலை என்றால் சுமார் 250 சொற்களுக்குள். தமிழுக்கு இந்தக் கணக்கு சரிப்படவில்லை. 'விளையாடிக்கொண்டிருந்தபோது' என்பதும் ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல். என் வகுப்புப் பையன் ஒருவன் அந்த நீளச் சொல்லை விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். கடைசி எழுத்துக்கு வந்தபோது தொடக்கம் மறந்துபோய் என் முகத்தைப் பார்த்தான். நிறையக் கதைகள் பிற மொழியிலிருந்து வந்தவை என்பதால் இப்படிச் சொற்கள் அடிக்கடி வரும். மொழிபெயர்ப்பின் தரமும் கதைக்குக் கதை மாறும். அதனால் நடுப்பக்கம் ஒன்றைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, தடுக்கும் இடத்துக்கு ஒரு விரல் மடக்குவேன். ஐந்தும் மடங்கினால் அந்தக் கதையை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

நன்கொடையாக வரும் பழைய நீதிக்கதைத் தொகுப்புகளை இந்த வயதுக்கு எடுப்பதே இல்லை. எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது.

சரி, ஸ்டோரிவீவரை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன்? பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரே கதை அங்கே தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் கடினமான வரியை எளிதாக்கிப் புது வடிவமாகவும் வெளியிடலாம். போன வாரம் ஒரு கதையை இரண்டு மொழியில் அச்செடுத்துக் கொடுத்தேன். அதுவரை வாய் திறக்காத சிறுமி இந்திப் பக்கத்தைக் கடகடவென்று வாசிக்க, பக்கத்திலிருந்தவள் தமிழில் அதே படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.