காட்டுக்குள் ஒரு பனிக்கட்டி இயந்திரம்: 'தி மஸ்கிட்டோ கோஸ்ட்'

தன் நாடு நுகர்வு வெறியில் அழுகிவிட்டது, அணுகுண்டுப் போரும் வெகுதொலைவில் இல்லை என்று உறுதியாக நம்பும் ஓர் அமெரிக்கர், மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கப்பலேற்றி மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, அங்கே காட்டுக்குள் ஒரு சிற்றூரையே விலைக்கு வாங்கிக் குடியேறுகிறார். பால் தெரூ 1981இல் எழுதிய நாவலைத் தழுவி, பீட்டர் வியர் இயக்கி 1986இல் வெளிவந்த இப்படத்தை, பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆலி ஃபாக்ஸ் என்ற அந்தத் தந்தையாக ஹாரிசன் ஃபோர்டு நடித்திருக்கிறார். கடையில் நீட்டப்படும் ஒரு சிறு பொருள் ஜப்பானில் செய்யப்பட்டது என்பதற்காகவே அதை வாங்க மறுத்துச் சீறும் தொடக்கக் காட்சியிலேயே, அவருடைய அறிவையும் பிடிவாதத்தையும் பிரிக்க முடியாது என்பது விளங்கிவிடுகிறது. அவர் வெறும் வாய்ச்சொல் வீரர் அல்லர். மின்சாரமே இல்லாத இடத்தில், விறகுத் தீயின் வெப்பத்தால் அம்மோனியாவை இயக்கிப் பனிக்கட்டி உண்டாக்கும் மாபெரும் இயந்திரத்தைக் கட்டி முடிக்கிறார். இது கற்பனை வித்தையன்று; வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் இம்முறை 19ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

படத்தின் உயிர் எனக்கு இன்னொரு காட்சியில் இருக்கிறது. பனிக்கட்டியைக் கண்டேயிராத மக்களுக்குக் காட்டுவதற்காக, ஒரு பெரிய கட்டியைப் பொதிந்து மகன்களுடன் மலையேறிச் சுமந்து செல்கிறார். போய்ச் சேரும்போது அது உருகிவிட்டிருக்கிறது. அந்தத் தோல்வியை அவர் எப்படி ஏற்கிறார் என்பதையும், அதை மூத்த மகன் சார்லி எவ்வாறு பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். சார்லியாக வரும் ரிவர் ஃபீனிக்ஸ் அப்போது பதின்பருவச் சிறுவர்தான். ஆயினும் தந்தையை வியக்கும் கண்களில் ஐயம் மெல்லப் படிவதை, பெரிதாக ஒன்றும் பேசாமலேயே காட்டிவிடுகிறார்.

ஹெலன் மிரன் ஏற்றுள்ள தாயின் பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. கணவர் அவரை 'அம்மா' என்றே அழைக்கிறார். அவர் அவ்வளவு காலம் மௌனமாக உடன்படுவது ஏன் என்பதற்குப் படம் போதிய விடை தரவில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. ஆலிக்கும் ஒரு மதபோதகருக்கும் இடையிலான மோதலும் சற்று அவசரமாக நகர்கிறது. பெலீசில் படமாக்கப்பட்ட ஆறும் மழையும் சேறும், ஜான் சீலின் ஒளிப்பதிவில் நம்மையும் அந்தக் குடும்பத்தோடு நனைய வைக்கின்றன.

பிற்பாதி கடுமையானது, சிறு குழந்தைகளுடன் பார்க்க ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகளுடன் பாருங்கள். முடிந்ததும், உலகமே தன் தந்தைக்குச் சொந்தம் என்று நம்பி வளர்ந்ததாகச் சார்லி சொல்லும் தொடக்க வரிகளை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள்.