மூக்குத்தி போட்டவர்களுக்கும் சி-பேப் மாஸ்க் பொருந்தும்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு (ஸ்லீப் அப்னியா), மாஸ்க் வழியாகக் காற்று அனுப்பும் சி-பேப் மெஷினைப் போட்டுத் தூங்க நான் ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்தவர்கள் யாருக்காவது மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தால் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி மெஷின் வாங்கினீங்க?" என்பதைத்தான். மெஷினைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது காற்று ஊதும் ஒரு பெட்டி. நல்ல கம்பெனி எதுவானாலும் அந்த வேலையைச் செய்துவிடும். அதன் சத்தம் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப் போகும். தினமும் போடுவோமா, அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுவோமா என்பது மாஸ்க்கின் கையில் இருக்கிறது. அதிலும் மூக்குத்தி, நீள முடி, தலைக்கு எண்ணெய் என்று இருக்கும் பெண்களுக்கு வரும் தொல்லைகளை விற்பவர்களும் சொல்வதில்லை, கூட வரும் கையேட்டிலும் இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

எனக்கு 54 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. காலையில் எழுந்ததும் தலைவலி. இரவில் மூன்று நான்கு தடவை பாத்ரூம். மதியம் விடைத்தாள் திருத்தும்போது பேனா கையில் இருக்கக் கண் சொருகும். இரண்டு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. தைராய்டு பார்த்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று. "மெனோபாஸ் வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றும் கேட்டாயிற்று. குறட்டையைப் பற்றி நானாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆண் குறட்டை விட்டால் வீட்டில் கிண்டலோடு போய்விடும், பெண் விட்டால் அதை வெளியே சொல்லக் கூடாது. கடைசியில் ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கிற மருத்துவர்தான் என் கணவரிடம், "தூக்கத்தில் இவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று கேட்டார். "ஆமா டாக்டர், சில சமயம் நான் தட்டி எழுப்புவேன்" என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். அத்தனை வருடமாக என்னிடம் சொல்லாத சேதி!

பெண்களுக்கு இந்த நோய் பெருங்குறட்டையாக வராமல் களைப்பு, தூக்கமின்மை, தலைவலி என்று வேறு வேஷத்தில் வருவதும் உண்டு. மாதவிடாய் நின்றபின் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. ஆகவே குறட்டை இல்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனைதான் எனக்குச் செய்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு சின்னக் குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. முடிவில் ஏ.ஹெச்.ஐ. 34 என்று வந்தது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு அது. 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30ஐத் தாண்டினால் தீவிரம். ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 78க்கு இறங்கியிருந்தது. சி-பேப் வேண்டுமா என்று நான் பேரம் பேசவில்லை.

பலர் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே எடுத்துக் கொஞ்சம் அழுத்தத்தோடு உள்ளே அனுப்புகிறது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து வழியை அடைப்பதுதான் நோய். அந்த அழுத்தம் வழி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. மெஷினில் 4 முதல் 20 வரை வைக்கலாம். 10 என்றால் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சதவீதம் முகத்தில் வந்து மோதும்போது ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டியதுபோல இருக்கும்.

இதை உருவாக்கிய சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆரம்ப காலத்தில் முகத்தை அச்செடுத்து மாஸ்க் செய்து, ஒவ்வொரு இரவும் அதைப் பசை போட்டு மூக்கில் ஒட்டுவார்களாம். இதைப் படித்த பிறகு பட்டை மாட்டுவதற்குச் சலித்துக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

எனக்கு முதலில் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். வாய் திறந்து தூங்குபவர்களுக்கு இதுதான் என்று கொண்டுவந்த பையன் சொன்னான். போட்டுக்கொண்டு படுத்ததும் நெஞ்சு படபடத்தது. உள்ளே வரும் காற்று பிரச்சினை இல்லை, வெளியே விடும் மூச்சுதான் எதிர்க்காற்றில் திணறும். இதற்கு இரண்டு அமைப்புகள் மெஷினில் இருக்கின்றன. ஒன்று ராம்ப்: குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏற்றும். இன்னொன்று, மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக்கொடுப்பது. இரண்டும் போடப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மருத்துவர் சொல்லி இந்த இரண்டாவதை எனக்கு வைத்த பிறகுதான் இரவில் மாஸ்க்கைப் பிய்த்து எறிவது நின்றது.

பகலில் பழகுவதும் உதவியது. மாலையில் டிவி பார்க்கும்போது மெஷின் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் மாட்டிக்கொண்டு உட்காருவேன். அப்புறம் காற்றையும் போட்டு உட்காருவேன். பேரன் வந்து "பாட்டி, பைலட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவான். படுக்கையில் மட்டும் பழகினால், படுக்கையைப் பார்த்தாலே பயம் வந்துவிடுகிறது.

காற்று கசிந்தால் பட்டையை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் பெரும்பாலும் கசிவு கூடும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். சிலிக்கான் குஷன் காற்றில் கொஞ்சம் உப்பி முகத்தில் மிதக்க வேண்டும். நின்றுகொண்டு சரிசெய்தால் பயனில்லை. படுத்தபடி, காற்று ஓடும்போது, எந்தப் பக்கம் தூங்குவோமோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பட்டையைச் சரிசெய்ய வேண்டும். படுத்தால் கன்னச் சதையே இடம் மாறுகிறது.

இப்போது மூக்குத்திக்கு வருகிறேன். என்னுடையது வலப்பக்கம் ஏழு கல் மூக்குத்தி, உள்ளே திருகு. பெரிய மாஸ்க்கில் அது குஷனுக்குள்ளேயே அடங்கிவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் அந்த மாஸ்க்கின் பாரமும் மூக்குத்தண்டுப் புண்ணும் எனக்குத் தாங்கவில்லை. மூக்கை மட்டும் மூடும் முக்கோண மாஸ்க்குக்கு மாறினேன். அதன் ஓரம் சரியாகக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. அந்த இடுக்கில் காற்று பீறிட்டு நேராகக் கண்ணுக்குள் அடிக்கும். காலையில் ஒரு கண் மட்டும் சிவந்திருக்கும். மூக்குத் துவாரத்துக்குள் செருகும் சின்ன வகையும் பார்த்தேன். பார்க்க அழகாக, இலேசாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் திருகு அதன் சிலிக்கானில் குத்தி, மூக்கினுள் உரசி எரிச்சல்.

"ராத்திரி மட்டும் கழற்றி வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் மாமியார், "கல்யாணமான நாள்ல இருந்து கழற்றாத மூக்குத்திய இப்ப எதுக்கும்மா கழற்றணும்? அந்த மெஷின மாத்தச் சொல்லு" என்றார். அவருக்காக மட்டும் இல்லை, தினமும் கண்ணாடி முன் நின்று அந்தத் திருகைக் கழற்றி மாட்டப் பொறுமையும் இல்லை. திருகு ஒரு நாள் கையிலிருந்து நழுவினால் முழு வீட்டையும் பெருக்க வேண்டும்.

தீர்ந்தது எப்படியென்றால், மூக்கின் மேல் ஏறாமல் துவாரங்களுக்கு அடியில் தாங்கி நிற்கும் ஒரு வகை மாஸ்க் இருக்கிறது. தொட்டில் மாதிரி வளைந்த குஷன். மூக்கின் பக்கச் சதையைத் தொடவே தொடாது, உள்ளேயும் போகாது. ஏழு கல்லும் திருகும் அதன் பாட்டுக்கு இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று, மூன்றாவது கடையில் வேலை செய்த ஒரு பெண்தான் எடுத்துக் காட்டினார். அவரும் மூக்குத்தி போட்டிருந்தார். மாஸ்க் வாங்கப் போகும்போது உங்கள் மூக்குத்தியோடு, வழக்கமாகப் போடும் பின்னலோடு போய் மாட்டிப் பாருங்கள்.

பின்னல் என்றேன். கொண்டை போட்டுப் படுத்தால் பின்பட்டை மேலே ஏறிவிடும். தளர்வாகப் பின்னிப் பக்கவாட்டில் முன்னால் போட்டுக்கொள்கிறேன். என் மாஸ்க்கில் குழாய் உச்சந்தலையிலிருந்து போகிறது, புரண்டு படுத்தாலும் கழுத்தைச் சுற்றாது. பூ வைத்துக்கொண்டு படுக்கும் வழக்கம் போய்விட்டது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் நிறுத்திவிட்டேன். எண்ணெய் முகத்தில் இறங்கினால் குஷன் வழுக்கும், பட்டைத் துணியில் ஏறினால் சிக்கு வாடை துவைத்தாலும் போகாது. எண்ணெயெல்லாம் இப்போது விடுமுறை நாள் காலையில். குஷனை மட்டும் தினமும் காலையில் குழந்தைகள் சோப்பால் கழுவுகிறேன். மற்றவை வாரம் ஒரு தடவை.

சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்ட காந்தக் கொக்கி வரும். மாட்டுவதற்குச் சுலபம்தான். ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்தில் படுப்பவருக்கு அப்படி ஒன்று இருந்தாலும் ஆகாது. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கு வழி மாஸ்க்கில் வாய் திறந்தால் காற்று வாய் வழியே ஓடிவிடும், நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஆரம்பத்தில் இருந்தது. மூக்கடைப்புக்கு மருத்துவர் தந்த ஸ்பிரேயும், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரும் சேர்ந்து அதை ஏறக்குறைய நிறுத்தின. அதில் ஊற்ற மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் வெள்ளையாகப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்பதை ஊற்ற வேண்டாம், அது மூச்சில் போவதற்குத் தயாரித்தது இல்லை. ஏசி அறையில் குழாய் குளிர்ந்தால் உள்ளே ஈரம் தண்ணீராகி, நடுராத்திரி மூக்கில் சளக்கென்று வந்து விழும். ஈரத்தைக் குறைத்து வையுங்கள், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். போதும்.

வயிற்றில் காற்று ஏறுவதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் வயிறு பலூனாக இருக்கும், முதல் பீரியட் முழுக்க ஏப்பம். மெஷின் ஏறக்கூடிய உச்ச அழுத்தத்தை மருத்துவர் கொஞ்சம் குறைத்த பிறகு பெருமளவு போய்விட்டது. இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் மெஷினை விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றிக்கொடுப்பார்.

கரண்ட் போனால் மூச்சு முட்டாதா என்பது எல்லாரும் கேட்பது. முட்டாது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. பெரிய மாஸ்க்கில், காற்று நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விட ஒரு வால்வு இருக்கிறது. பெரும்பாலும் நமக்கே விழிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் மெஷின் பிளக்கை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றிவிட்டோம். ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் மின்சாரம் நிறையக் குறைவாகத்தான் இழுக்கிறது. இரவு ரயிலுக்கு மட்டும் எனக்கு நல்ல வழி கிடைக்கவில்லை. சார்ஜிங் பிளக்கை நம்ப முடியாது, சில ரயில்களில் இரவு 11 மணிக்கு மேல் அதில் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். முடிந்தவரை பகல் ரயிலில் போகிறேன். கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதும் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு. பெரியம்மா, சித்தியோடு விடிய விடியப் பேசிக் கிடக்கும் இரவுகள் அவை.

பலன் என்ன? காலைத் தலைவலிதான் முதலில் போனது, ஒரு சில வாரங்களிலேயே. இரவில் பாத்ரூம் போவது ஒரு தடவையாகக் குறைந்தது. பகல் தூக்கம் அப்படிச் சட்டென்று போகவில்லை, தெளிவு வர மூன்று நான்கு மாதம் ஆயிற்று. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று குறைந்தது. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, மெஷின் போட்டால் தானாக மெலிவோம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மெஷின் இப்போது ஏ.ஹெச்.ஐ. 2, 3 என்று காட்டுகிறது. தினமும் காலையில் அந்த எண்ணைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று இருந்தது, கடந்துவிட்டேன். இப்போது கசிவு கூடியிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்ப்பேன். கூடியிருந்தால் பெரும்பாலும் குஷன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பணம். மெஷினை முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள், பல கடைகளில் தருகிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் இதற்குக் காசு வராது, பாலிசியைப் படித்துப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். உள்ளே இருந்த ஒலி தடுக்கும் ஃபோம் நொறுங்குவதாகச் சொல்லி பிலிப்ஸ் 2021 ஜூனில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது. மெஷினில் மிச்சம் பிடிக்கும் பணத்தை மாஸ்க்கில் போடுங்கள், குஷன் இரண்டு அளவுகளில் வாங்குங்கள். எனக்கு மீடியம்தான் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். கடைசியில் ஸ்மாலில்தான் தூக்கம் வந்தது.